வாடகைக் கைதி

ராணுவப் பயிற்சிப் பள்ளியின் வாசலில் நிற்கும் காவலாளி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. “கைதி வந்தாச்சு, கதவத் திற” என்றுதான் உள்ளே குரல் கொடுப்பான். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். சைக்கிளைச் சுவரோரம் சாத்திவிட்டு, “இன்னைக்கு என்னை எத்தன மணிக்குப் பிடிக்கப் போறீங்க?” என்று கேட்டுக்கொண்டே சாப்பாட்டு டப்பாவோடு உள்ளே போவார்.

பெரிய குற்றவாளி என்று நினைத்துவிட வேண்டாம். போலீஸ் ஸ்டேஷன் வாசப்படியைக்கூட மிதித்தவரில்லை. முந்தைய சைக்கிள் காணாமல் போனபோது புகார் கொடுக்கப் பயந்துகொண்டு, பேசாமல் வேறு சைக்கிள் வாங்கிக்கொண்ட ஆசாமி. செருப்புக் கடையில் வேலை பார்த்தவர். வாலிபத்தில் சேர்ந்து, தலை நரைக்கிற வரைக்கும் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்களின் காலை மடியில் தூக்கி வைத்து அளவு பார்த்தார். “ஊர்ல பாதிப் பேர் காலைப் பிடிச்சிருக்கேன், ஒருத்தரும் எனக்கு ஒரு நல்லது பண்ணலை” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஒருநாள் முதலாளி, மகனோடு போய் இருக்கப்போகிறேன் என்று கடையைப் பூட்டிவிட்டார். மனிதர் நடுத்தெருவில் நின்றார். அந்த வயதில் வேலை கேட்டுப் போனால் எவன் உள்ளே விடுவான்?

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாதான் வழி காட்டினார். “அண்ணே, ராணுவப் பள்ளியில ஆள் எடுக்கறாங்க. நான் போய்க்கிட்டுதான் இருக்கேன். சும்மா அழுதாப் போதும்.”

“அழறதுக்கா ஆள் எடுக்கறாங்க? அத என் வீட்டுலயே இலவசமா பண்ணிக்கிட்டிருக்கேனே” என்றார் இவர்.

விஷயம் இதுதான். சண்டை நடக்கிற இடத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் அதிகாரிகளுக்கு அங்கே ஒரு பயிற்சி உண்டு. யாரைச் சுடலாம், யாரைச் சுடக் கூடாது, காயம்பட்டு விழுந்தவன் எதிரியாகவே இருந்தாலும் அவனுக்கு என்ன செய்ய வேண்டும், சரணடைந்தவனை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும், நடுவில் மாட்டிக்கொண்ட சாதாரண ஜனங்களை என்ன செய்வது. போருக்கும் சட்டம் இருக்கிறது என்று சொன்னால் நம் ஆட்கள் சிரிப்பார்கள். அந்த அதிகாரிகளும் சிரித்தார்களாம். வகுப்பில் உட்கார்ந்து கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்களாம். அந்தச் சட்டத்தைச் சொல்லித்தர வந்தவர் ஒரு பெண் அதிகாரி. வக்கீலுக்குப் படித்து ராணுவத்தில் சேர்ந்தவர். எல்லோருக்கும் சட்ட மேடம். தூங்குகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் பற்றிக்கொண்டு வந்திருக்கிறது. மேலிடத்தில் சண்டை போட்டு, துப்பாக்கி சுடும் மைதானத்துக்குப் பின்னால் ஒரு பொய்க் குடியிருப்பைக் கட்டிவிட்டார். கூரையில்லாத சில வீடுகள், ஒரு தெரு, ஆஸ்பத்திரி என்று எழுதிய ஓர் அறை, கடைசியில் தகரக் கொட்டகை. குடியிருக்க ஜனங்கள் வேண்டுமே, அதற்குத்தான் ஆள் எடுத்தார்கள்.

தையல்காரம்மா பிள்ளையைத் தேடி அழுகிற தாய். அவர் அழுதால் கல்லும் கரையும். அழுது முடித்த கையோடு, “சார், உங்க சட்டை தோள்ல பிரிஞ்சிருக்கு, குடுங்க தைச்சுத் தரேன்” என்று அதிகாரியிடமே ஆர்டர் பிடிப்பார். இன்னொருவர் பிணம். அந்த வேலைக்கு ஏக போட்டி இருந்ததாகக் கேள்வி. படுத்தால் போதுமே. ஆனால் அந்தப் பிணத்துக்குக் குறட்டை. ஒருமுறை இளம் அதிகாரி ஒருவர், இறந்தவர்களுக்கும் மரியாதை உண்டு என்று பாடத்தில் படித்தபடி முகத்தைத் துணியால் மூடி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றிருக்கிறார். அந்தச் சமயம் பார்த்துத் துணிக்கு அடியில் ஆரம்பித்துவிட்டது. அதிகாரி சிரிக்காமல் நின்றதற்காக மேடம் அவருக்குத் தனியாகப் பாராட்டுக் கொடுத்தார்.

நம்மவரை முதலில் கடைக்காரராகப் போட்டார்கள். கடை என்றதும் பழக்க தோஷத்தில் சோதனை போட வந்த சிப்பாயின் பூட்ஸைப் பார்த்து, “ஒரு சைஸ் பெருசாப் போட்டிருக்கீங்க தம்பி” என்று சொல்லிவிட்டார். மேடம் தலையில் அடித்துக்கொண்டு அவரைக் கைதியாக்கினார். அதுதான் அவருக்குப் பொருந்தியது. குனிந்து உட்கார்ந்து பழகிய உடம்பு. கைதிக்குப் பேச்சும் இல்லை. “தண்ணி” என்று ஒரே வசனம். ஒட்டுத்தாடி, முகத்தில் கரி, கிழிந்த கோட்டு, முன்னால் கட்டிய கை. மேடத்துக்குத் திருப்தி.

கொட்டகையில் அடிக்கக் கூடாது என்பது பள்ளியின் விதி. கையை ஓங்கலாம். ஓங்கினால் அடித்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். முட்டிபோட வைக்கலாம், கத்தலாம், தண்ணீரை ஊற்றலாம். தாங்க முடியாவிட்டால் “மணி அடி” என்று கைதி சொன்னால் போதும், அந்த நிமிஷமே எல்லாம் நின்றுவிடும். அவர் இதுவரை அதைச் சொன்னதில்லை. நல்ல அதிகாரிகள் வந்தால் கட்டை அவிழ்த்துத் தண்ணீர் கொடுப்பார்கள், காயம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கத்துகிறவர்களும் வருவார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மனைவி கேட்பார், “இன்னைக்கு உதை உண்டா?”

“இல்ல, இன்னைக்கு வந்தவங்க நல்ல பிள்ளைங்க. தண்ணி குடுத்தாங்க.”

“நம்ம வீட்டுலகூட உங்களக் கேட்டாத்தான் தண்ணி. அதிர்ஷ்டக்காரர்தான்.”

எல்லாம் முடிந்த பிறகு நடப்பதுதான் அந்தப் பள்ளியின் வழக்கம், மேடம் கண்டுபிடித்தது. கைதி அப்படியே கரியும் தாடியுமாக வகுப்புக்கு வந்து அதிகாரிகள் முன்னால் நாற்காலியில் உட்கார வேண்டும். தாடியைக் கழற்றி, ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும். தான் யார் என்று சொல்ல வேண்டும். பிறகு, கொட்டகையில் தனக்கு என்ன நடந்தது என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். மேற்பார்வை பார்க்கிறவர் எப்போதும் அதிகாரியின் பின்னாலேயே போவதால், அதிகாரி வெளியே போன நேரத்தில் கொட்டகைக்குள் நடந்ததற்குக் கைதிதான் சாட்சி. “நான் செருப்புக் கடையில வேலை பார்த்தவன். எனக்கு ஒரு பொண்ணு” என்று அவர் ஆரம்பித்தால், கொட்டகையில் கத்தியவர்கள் பலர் தரையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்தப் பெண்ணுக்கு அமைந்த மாப்பிள்ளையும் ராணுவத்தில் கேப்டன். தங்கமான பிள்ளை, சத்தம் போட்டுப் பேச மாட்டார். மாமனார் வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். பெண் பார்க்க வந்த அன்று வாசலில் கழற்றிவிட்ட ஷூவை இவர் சும்மா விடுவாரா? இடது ஷூவின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. காலைக் கொஞ்சம் வெளிப்பக்கமாக அழுத்தி நடக்கிற ஆள். அதில் ஒன்றும் குற்றமில்லை என்று மனைவியிடம் சொன்னார். சம்பந்தி வீட்டாரிடம் இவருடைய வேலையைப் பற்றிக் கேட்டபோது மனைவி முந்திக்கொண்டு, “பயிற்சிப் பள்ளியில நிர்வாகத்துல இருக்கார்” என்று சொல்லிவிட்டார். தாடி ஒட்டிக்கொண்டு முட்டிபோடுகிறார் என்று எந்த அம்மாள் சம்பந்தியிடம் சொல்வாள்? இவரும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டார்.

அப்படியிருக்க, ஒருநாள் மகள் போனில் சொன்னாள். “அப்பா, இவருக்குத் தனியா ஒரு கம்பெனி குடுக்கப் போறாங்க. எல்லைக்குப் போறாங்க. அதுக்கு முன்னாடி உங்க பள்ளியில ஏதோ கோர்ஸாம். அதுல தேறினாத்தான் கம்பெனி கையில வருமாம்.” மகள் குரலில் அவ்வளவு பெருமை. ஒரு கம்பெனி என்றால் நூறு பேருக்கு மேல், அத்தனைக்கும் அவள் கணவர் தலைவர்.

மனிதர் உடனே போய், முறை போடுகிற குமாஸ்தாவைப் பிடித்து, பட்டியலில் மாப்பிள்ளை முதல் பிரிவில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, “அந்த வகுப்ப ரெண்டா பிரிச்சிருக்கீங்கல்ல, என்னை முதல் பிரிவுக்குப் போடாம ரெண்டாவதுக்குப் போட்டுடுங்க” என்று கெஞ்சினார். காரணம் சொல்லவில்லை. சொந்தக்காரர் யாராவது பயிற்சிக்கு வந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும் என்பது விதி. மனைவி சொன்ன நிர்வாகப் பொய் வெளியே வந்துவிடுமே என்று மென்று விழுங்கினார். குமாஸ்தாவும் மாற்றிப் போட்டுக் கொடுத்தார். மழை வந்து கெடுத்தது. தெருவில் தண்ணீர் நின்றதால், காலையில் இரண்டு பிரிவும் வருகிற வரிசையை மாற்றிவிட்டார்கள். கொட்டகையில் குந்தியிருந்த கைதியிடம் வந்து இதை யார் சொல்வார்கள்?

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கதவு திறந்தது. குனிந்திருந்த அவர் கண்ணுக்குப் பூட்ஸ்தான் தெரிந்தது. சிப்பாய்கள் இருவர். ஒரு சார்ஜென்ட். பின்னால் இன்னொரு ஜோடி. ஈரமண்ணில் இடது கால் வெளி ஓரமாகப் பதிந்து பதிந்து வந்தது. தலையை நிமிர்த்தாமலே தெரிந்துவிட்டது.

மணி அடி என்று அப்போதே சொல்லியிருக்கலாம். கேட்டால் காரணமும் இருந்தது. சொல்லவில்லை. ஏன் என்றால், உண்மையைச் சொல்ல வேண்டும், கொஞ்சம் ஆசை. மாப்பிள்ளை வேலை பார்க்கிற அழகை ஒருமுறை கண்ணால் பார்க்கலாமே என்று ஒரு மாமனாரின் ஆசை. நல்ல பிள்ளைதானே, தண்ணீர் கொடுப்பார், கட்டை அவிழ்ப்பார், முடிந்துவிடும். தாடியும் கரியும் இருக்க அவருக்கு எங்கே அடையாளம் தெரியப் போகிறது?

ஆரம்பம் அப்படித்தான் இருந்தது. “இவருக்குத் தண்ணி குடுங்க” என்றார் கேப்டன். மரியாதையாக ‘இவர்’. மாமனாருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பிறகு வயர்லெஸ் கத்தத் தொடங்கியது. வெளியே ஒரு வேனில் உட்கார்ந்துகொண்டு மேடம்தான் அதில் பேசுவார். முன்னால் போகிற பாதையில் குண்டு புதைத்திருக்கிறார்கள், நம் வண்டிகள் கிளம்பிவிட்டன, பிடித்தவனுக்கு இடம் தெரியும், சீக்கிரம், சீக்கிரம். கேப்டன் குனிந்து கேட்டார். கைதி வாயைத் திறக்கவில்லை, கைதியின் வேலை அது. மறுபடி கேட்டார். வயர்லெஸ் மறுபடி கத்தியது.

சார்ஜென்ட் கேப்டனுடைய சொந்தக் கம்பெனி ஆள். அதிகாரிகள் தங்கள் சார்ஜென்டுகளோடுதான் பயிற்சிக்கு வருவார்கள். அவர் மெதுவாகச் சொன்னார், “சார், எங்கிட்ட விடுங்க.”

இதற்கு ஒரே பதில்தான் உண்டு. வேண்டாம், நான் இங்கேயே இருக்கிறேன் என்பது. கேப்டன் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார். பிறகு கதவருகே நின்ற மேற்பார்வை அதிகாரிக்குக் கேட்கும்படி, “நான் ஒரு டீ குடிச்சிட்டு வரேன்” என்றார். போகிற போக்கில் சார்ஜென்ட் பக்கம் சாய்ந்து, சன்னமாக, “வரும்போது இவன் பேசியிருக்கணும்” என்றார். ‘இவர்’ போய் ‘இவன்’ வந்துவிட்டது. இடது கால் வெளியே போனது. மேற்பார்வை அதிகாரியும் பின்னாலேயே போனார்.

பிறகு நடந்ததை நீட்டி முழக்க வேண்டாம். ஜல்லியில் முட்டிபோட வைத்தார்கள். கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். தலையில் வாளித் தண்ணீர். காதுக்குப் பக்கத்தில் கத்தல். சார்ஜென்ட் கை ஓங்கினார், இறக்கினார், மறுபடி ஓங்கினார். எத்தனையோ பேர் அந்தக் கொட்டகையில் கை ஓங்கியிருக்கிறார்கள், அவருக்கு ஒன்றும் ஆனதில்லை. அன்றைக்கு ஒவ்வொரு ஓங்கலுக்கும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மணி அடி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் எல்லோரும் ஓடி வருவார்கள், மாப்பிள்ளையும் வருவார். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டார்.

கேப்டன் திரும்பி வந்தார். சொட்டச் சொட்ட நனைந்து முட்டிபோட்டிருந்த ஆளைப் பார்த்தார். பார்க்காமல் இல்லை, நன்றாகவே பார்த்தார். “ஏதாவது சொன்னானா?” என்றார். மாமனாருக்கு வாளித் தண்ணீரைவிட அந்தக் கேள்விதான் உறைத்தது.

பயிற்சி முடிந்து கைக்கட்டை அவிழ்த்தார்கள். வகுப்பு தொடங்கக் கொஞ்சம் நேரம் இருந்தது. நேராக வேனுக்குப் போய், “மேடம், அந்தக் கேப்டன் என் மருமகன்” என்றார்.

மேடம் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினார். “ஏன் முன்னாடியே சொல்லல?”

“தப்புதான் மேடம்.”

அவர் திட்டவில்லை. “அப்ப நீங்க பேச வேண்டாம். விதிப்படியே பேசக் கூடாதுன்னு சொல்லலாம், யாரும் கேட்க மாட்டாங்க. சார்ஜென்ட விசாரிச்சாச்சு. ‘சார் தண்ணி குடுக்கச் சொன்னார், நான்தான் அதிகமாப் போயிட்டேன்’னு சொல்றார். அத வச்சு முடிச்சிடுவேன். கேப்டன் தேறிடுவார். நீங்க பேசணும்னா பேசலாம். நான் தடுக்க மாட்டேன், கூப்பிடவும் மாட்டேன்.”

பழி மொத்தத்தையும் சார்ஜென்ட் தன் தலையில் போட்டுக்கொண்டாயிற்று. கௌரவமான வழி. விதியே வாயை மூடச் சொல்கிறது, வேறென்ன வேண்டும்? மகளுக்குப் பெருமை, மாப்பிள்ளைக்குக் கம்பெனி, இவருக்கு நிர்வாகப் பதவி, எல்லாம் அப்படியே இருக்கும். இப்படியே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று முடிவு கட்டித்தான் கொட்டகைப் பக்கம் சாப்பாட்டு டப்பாவை எடுக்கப் போனார்.

வாசப்படியில் சார்ஜென்ட் உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்து, தன்னுடைய துண்டைக் கொடுத்தார். “முட்டி வலிக்குதாண்ணே? மன்னிச்சுக்கங்க.”

“பரவால்ல. உங்க சார் போகும்போது சொன்னத ஏன் மேடம்கிட்ட சொல்லல?”

“நாளைக்கு அவர்கூடத்தானே போகணும்.”

“உங்க மார்க்கு போயிடுமே?”

“எனக்குப் போனா என்னண்ணே. சார் நல்லவர். எங்க வீட்டுல உடம்பு சரியில்லாதப்ப ராவோட ராவா லீவு வாங்கிக் குடுத்தவர்.”

இவர் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார், “இப்படி அவர் வெளிய போறது இதுதான் முதல் தடவையா?”

சார்ஜென்ட் துண்டை வாங்கி, பிழிந்து, உதறி, மடித்தார். பிறகுதான் சொன்னார்.

“பயிற்சியில இதான் முதல் தடவை.”

மனிதர் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டார். வேறு எங்கோ, உண்மையான ஒரு கொட்டகையில், ‘மணி அடி’ என்று சொல்லத் தெரியாத எவனோ ஒருவன் முட்டிபோட்டிருந்திருக்கிறான். அவனுக்கும் ஒரு மருமகன் இருந்திருக்கலாம். தட்டைக் கழுவி வைக்கிற பிள்ளை வெளியே நின்று டீயை ஆற்றிக்கொண்டிருந்திருக்கிறார். நினைக்க நினைக்க அருவருப்பாக இருந்தது, யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

வகுப்பில் நாற்காலி காலியாக இருந்தது. மேடம் பேச ஆரம்பித்திருந்தார். கதவைத் திறந்துகொண்டு கரியும் தாடியுமாகக் கைதி வந்து உட்கார்ந்தார். மேடம் ஓரமாக நகர்ந்துகொண்டார்.

தாடியைக் கழற்றினார். ஒட்டுப்பசை அன்றைக்கென்று பிடித்துக்கொண்டது, பிய்த்தெடுக்க வேண்டியிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். இரண்டாவது வரிசையில் கேப்டன் முகத்தில் ஈயாடவில்லை.

“நான் செருப்புக் கடையில வேலை பார்த்தவன். எனக்கு ஒரு பொண்ணு” என்று வழக்கம்போல் ஆரம்பித்தார். இருமிவிட்டுத் தொடர்ந்தார். தண்ணீர் கொடுத்ததைச் சொன்னார். இவருக்கு என்று மரியாதையாகச் சொன்னதையும் விடவில்லை. டீ குடிக்கப் போனதைச் சொன்னார். போகும்போது சன்னமாகச் சொன்னதை அதே வார்த்தையில் சொன்னார். ஜல்லி, வாளி, ஓங்கிய கை. திரும்பி வந்து பார்த்ததையும் கேட்டதையும் சொன்னார். கூட்டவில்லை, குறைக்கவில்லை. வேறு எந்த அதிகாரியைப் பற்றிச் சொல்வாரோ அப்படியே சொன்னார்.

கேப்டன் எழுந்து நின்றுவிட்டார். “மாமா” என்றார். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “சத்தியமா நீங்கன்னு தெரியாது மாமா. தெரிஞ்சிருந்தா நான் வெளிய போயிருக்கவே மாட்டேன்.”

மேடம் சுவரில் சாய்ந்தபடியே கேட்டார். “வேற யாராவது இருந்தா?”

யாரும் கேப்டனைப் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேப்டன் தேறவில்லை. கட்டளை வாயால்தான் வர வேண்டும் என்றில்லை, தன் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று தெரிந்தும் விட்டுவிட்டுப் போனாலே பொறுப்பு அதிகாரியுடையதுதான் என்று மேடம் தீர்ப்பு எழுதினார். சார்ஜென்டையும் விடவில்லை. மேலே உள்ளவர் ஜாடை காட்டினார் என்பது கை ஓங்கியவனுக்குச் சாக்காகாது. இருவரும் அடுத்த கோர்ஸில் மறுபடி உட்கார வேண்டும். இதற்கு முன்னால் நிஜமாகவே இப்படி ஒரு கொட்டகை இருந்ததா என்று தனியாக விசாரணையும் ஆரம்பமானது. கம்பெனி வேறொருவருக்குப் போயிற்று. முன்கூட்டிச் சொல்லாத குற்றத்துக்கு நம்மவரைக் கொஞ்ச நாளைக்கு வீட்டில் இருக்கச் சொன்னார்கள்.

வீட்டில் மனைவி அன்று ‘உதை உண்டா’ என்று கேட்கவில்லை. விஷயம் தெரிந்ததும், “பெத்த பொண்ணு வாழ்க்கையில இப்படியா கைவைப்பீங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டு, சாப்பாட்டைப் பேசாமல் எடுத்து வைத்தார். அவர் கத்தியிருந்தால் இவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். தையல்காரம்மாகூடக் கண்ணில் பட்டால் ஏதோ வேலை இருப்பதுபோல உள்ளே போய்விட்டார். மகள் போன் செய்யவில்லை. இவர் செய்தால் எடுக்கவில்லை. ஒரே பெண். கைக்குழந்தையாக இருக்கும்போதே கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், அட்டைப்பெட்டியில் தூங்கவைத்துக்கொண்டு வேலை பார்த்த பெண். தான் செய்தது சரி என்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன பண்ணுவது? போன் அடிக்கவில்லையே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடித்தது.

“அப்பா, நீங்க பேசாம இருந்திருக்கலாம்ல? மேடமே பேச வேண்டாம்னு சொன்னாங்களாமே.”

“இருந்திருக்கலாம்மா.”

“அந்தக் கம்பெனிக்கு அவர் எவ்வளவு ஆசைப்பட்டார்னு உங்களுக்குத் தெரியுமில்ல?”

“தெரியும்.”

“கேட்டா இவர் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறார். வீட்டுல ஒரே மௌனம். நீங்களாவது சொல்லுங்க. அவர் உங்கள அப்படி என்னதான் பண்ணார்?”

“ஒண்ணும் பண்ணலம்மா” என்றார் அவர். “டீ குடிக்கப் போயிட்டார்.”

அந்தச் சமயம் பின்னாலிருந்து சம்பந்தியம்மாவின் குரல் வந்தது. அவர் மகளோடுதான் இருக்கிறார். போனில் சொல்கிற மாதிரியே இல்லை, பக்கத்தில் நின்று சொல்கிற மாதிரி தெளிவாகக் கேட்டது. “யாரு, உங்கப்பாவா? நல்லாக் கேளு. சொந்த மருமகன் சோத்துல மண்ணள்ளிப் போட்ட மனுஷன்னு நான் சொன்னேன்னு சொல்லு. அந்த வளர்ப்புதானே உங்கிட்டயும் இருக்கு. இந்த வீட்டுக்கு நீ வந்த நாள்லேர்ந்து பாக்கறேன்…”

குரல் ஏறிக்கொண்டே போனது. ஒரு சாவிக்கொத்து குலுங்கியது. மாப்பிள்ளையின் குரல் மெதுவாக, தன்மையாகக் கேட்டது. “வண்டி ஒரே தூசியா இருக்கு. துடைச்சிட்டு வந்துடறேன்.”

இவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். இத்தனை நாள், தட்டைக் கழுவுகிற மாப்பிள்ளை என்று இருந்தோமே, நம் பெண்ணை எத்தனை முறை இப்படித் தனியாக விட்டுவிட்டு வண்டி துடைக்கப் போனாரோ என்று கணக்குப் போட ஆரம்பித்தார்.

“அப்பா” என்றாள் மகள். இப்போதுதான் கண்டுபிடித்தவள்போல நிதானமாகச் சொன்னாள். “இங்கயும் இப்படித்தான்ப்பா.”

“அம்மா, நீ…” என்று அவர் ஏதோ சொல்ல வந்தார். அவள் கேட்கவில்லை. போனைக் கீழே வைத்திருப்பாள்போல. அணைக்க மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே விட்டாளா, தெரியாது. சற்றுத் தள்ளியிருந்து அவள் குரல் கேட்டது. கத்தவில்லை.

“எங்கயும் போகாதீங்க. வண்டிய அப்புறம் துடைக்கலாம். அத்தை என்னைப் பேசி முடிக்கற வரைக்கும் இங்கயே உட்காருங்க.”

சம்பந்தியம்மாவின் குரல் பாதியில் நின்றது. இவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சமையலறையிலிருந்து வந்த மனைவியைப் பார்த்து, பேசாதே என்று கையைக் காட்டினார். வெகுநேரம் கழித்து, அந்தப் பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.